கடலூர்லேருந்து ஒருநாள்: இடிஞ்ச கோயில் பாக்கணும், அப்பாவுக்கு முட்டி வலி

கெடிலக்கரை | புதன், இரவு 9.40

வணக்கம். மஞ்சக்குப்பத்துல இருக்கேன். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கார்ல உட்கார வச்சு எங்கயாவது ஒருநாள் போயிட்டு வரலாம்னு நினைப்பு. எனக்கு இடிஞ்ச கோயில், பாதி நிக்கிற மண்டபம், புல்லு முளைச்ச மதில் இதுங்கதான் பிடிக்கும். கூட்டம், வரிசை, சிறப்பு தரிசன டிக்கெட்டு ஆகாது. அப்பாவுக்கு 74 வயசு. ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு போச்சு, பத்துப் படி ஏறினா முனகுவார். பொதுப்பணித்துறையில ஒர்க் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். கோபுரத்தைக் காட்டினா "சாரம் எப்படிக் கட்டியிருப்பான்"னு கேக்குற ரகம்.

காலையில கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு வந்துடணும். நாலு இடத்தைத் தொட்டுட்டு ஓடி வர்ற கதை வேண்டாம். ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. எங்க போகலாம்?

நெல்லித்தோப்பான் | புதன், இரவு 9.58

செஞ்சி. வேற பேச்சே வேண்டாம். புதுச்சேரியிலேருந்து திண்டிவனம் வழியா 70 கிலோமீட்டர், உங்களுக்கு இன்னும் இருபத்தஞ்சு கூட. ராஜகிரி உச்சியெல்லாம் அப்பாவுக்கு ஆகாது. ஆனா கீழயே கல்யாண மகால் இருக்கு, நெற்களஞ்சியம் இருக்கு, அந்தப் பக்கம் வெங்கடரமணர் கோயில் இருக்கு. நீங்க கேட்ட புல்லு முளைச்ச மதில் அங்கதான். 2025 ஜூலையில மராட்டியர் கோட்டைங்க பட்டியல்ல யுனெஸ்கோவும் சேத்துடுச்சு, இனிமே கூட்டம் வரும். அதுக்குள்ள பாத்துடுங்க.

இன்னொரு விஷயம். வெங்கடரமணர் கோயில்ல நல்ல நல்ல தூணையெல்லாம் பிரெஞ்சுக்காரன் பெயர்த்து எங்க ஊருக்குக் கொண்டாந்துட்டான். கடற்கரையில காந்தி சிலையைச் சுத்தி எட்டு கருங்கல் தூண் நிக்குதே, அது செஞ்சித் தூணுன்னுதான் எங்க ஊர்ல சொல்லுவாங்க. தாத்தாவுக்கு ராத்திரி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தபடியே காட்டலாம்.

புளியமரத்தடி | புதன், இரவு 10.15

இடிஞ்ச கல்லைப் பாக்க நூறு கிலோமீட்டர் டீசல் எரிக்கணுமா? உங்க வீட்டுலேருந்து தேவனாம்பட்டினம் பத்து நிமிஷம். செயின்ட் டேவிட் கோட்டை. 1690-ல மராட்டியர்கிட்ட வாங்கும்போது கோட்டையிலேருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுற தூரம் வரைக்கும் எங்களுதுன்னு எடுத்துக்கிட்டானுங்க. குண்டு உப்பலவாடின்னு பேரே அதுல வந்ததுதான். 1758-ல பிரெஞ்சுத் தளபதி லாலி பிடிச்சு இடிச்சுத் தரைமட்டமாக்கினான். அந்தக் கோபத்துல 1761-ல இங்கிலீஷ்காரன் போய் புதுச்சேரியை இடிச்சான். ரெண்டு ஊருக்கும் ஒரே டிக்கெட்டு.

கெடிலக்கரை | புதன், இரவு 10.22

அண்ணே, அங்கதான் தினம் வாக்கிங் போறேன். அப்பாவும் கூட வருவார். அதை டூர்னு சொன்னா வீட்டுல சிரிப்பாங்க.

சேத்தியாத்தோப்பு எக்ஸ்பிரஸ் | வியாழன், காலை 6.50

தம்பி, கங்கைகொண்ட சோழபுரம் போங்க. கடலூர்லேருந்து 85, 90 கிலோமீட்டர் வரும். போறப்ப சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில், மீன்சுருட்டி. திரும்பறப்ப லால்பேட்டை வந்து வீராணம் ஏரிக்கரை மேலயே சேத்தியாத்தோப்பு, அப்புறம் வடலூர், குறிஞ்சிப்பாடி. வந்த வழியே திரும்ப வேண்டாம், அப்பாவுக்கும் சலிக்காது. தை மாசம், ஏரி நிறைய தண்ணி நிக்கும். ஒண்ணே ஒண்ணு, அறுவடை நடக்குது. பாதி ரோட்டுல நெல்லு காயும். அது மேல ஏத்திட்டீங்கன்னா அந்த ஊரைத் தாண்ட முடியாது, சொல்லிட்டேன்.

நெல்லித்தோப்பான் | வியாழன், காலை 7.30

அவர் கேட்டது இடிஞ்ச கோயில். கங்கைகொண்ட சோழபுரம் முழுசா நிக்குது, பூசை நடக்குது, ஆடித் திருவாதிரைக்குக் கூட்டம் தாங்காது. அது எப்படி இடிபாடு?

சுடுமண் | வியாழன், மதியம் 1.10

நிக்கிறது விமானமும் மண்டபமும்தான் சார். ஊர் எங்கே? சுமார் 1025-லேருந்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல சோழர் தலைநகர். இன்னிக்குப் போனா கோயிலைச் சுத்தி வயலும் கருவேலமும்தான். கோயிலுக்கு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி மாளிகைமேடுன்னு ஒரு மேடு. பேரையே கவனிங்க. மாநிலத் தொல்லியல் துறை 1980-லேருந்து அங்க தோண்டுது. அரண்மனையோட செங்கல் அடித்தளம் வரிசையா தெரியும். கூரை ஓடு, இரும்பு ஆணி, சீனப் பீங்கான் துண்டெல்லாம் கிடைச்சிருக்கு. மரத் தூண் நிறுத்தின கல் பீடம் இருக்கு, மேல இருந்த மரம் போன இடம் தெரியல. கங்கை வரைக்கும் படை அனுப்பின ராசேந்திர சோழன் குடியிருந்த வீடு இப்ப முழங்கால் உயரம். இதைவிட இடிபாடு வேணுமா?

கோயில்லயே பாருங்க. கிழக்கே நுழையறப்ப ராஜகோபுரம்னு ஒண்ணு இருக்காது. இடிஞ்ச அடிப்பகுதிதான் இருக்கும். அதோட ரெண்டு பக்கமும் கல் மதில் ஓடியிருக்கணும். அதுல பெரும்பகுதி 1836-ல போச்சு. கொள்ளிடத்துல இங்கிலீஷ் இன்ஜினீயர் ஆர்தர் காட்டன் கீழணை கட்டினப்ப, கல்லுக்கு இந்த மதிலைத்தான் இடிச்சாங்க. காவிரிப் படுகை முழுக்க வண்டல். தோண்டினா மண்ணு வரும், மணல் வரும், கருங்கல் வராது. ராசேந்திரன் எங்கிருந்தோ இழுத்துக்கிட்டு வந்து குவிச்ச கல்லு, அணை கட்டுற இடத்துலேருந்து பத்து கிலோமீட்டர்ல சும்மா அடுக்கி வச்ச மாதிரி அவங்க கண்ணுல பட்டிருக்கு.

இதுல இன்னொரு கூத்து. அந்த மதிலுக்குள்ள இருக்கிறதெல்லாம் ராசேந்திரன் ஊர்ச் சரக்கு இல்ல. நவகிரகம்னு கும்பிடறாங்களே, தாமரை வடிவத்துல, அடியில தேரும் ஏழு குதிரையும் வச்சு ஒரே கல்லு, அது சாளுக்கியர் பக்கத்துலேருந்து வந்த வெற்றிச் சின்னம்னுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. பக்கத்துல செங்கமேட்டுல கலிங்கத்துச் செம்மணற்கல் சிலை இருக்கு. மேலக்கடம்பூர்ல நந்தி மேல ஆடுற பத்துக் கை நடராசர், வங்கத்தை ஆண்ட பாலர் காலத்து வார்ப்பு. எடுத்துக்கிட்டு வந்த ஊர்லேருந்தே அப்புறம் எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க.

கோயில் அளவு, தஞ்சாவூர் ஒப்பீடு எல்லாம் எங்க வேணா கிடைக்கும், அதுக்குள்ள போகல. விமானம் சுமார் 55 மீட்டர். தஞ்சாவூர் நேரா ஏறும், இது நடுவுல உள்வாங்கி வளையும். அவ்வளவுதான்.

புளியமரத்தடி | வியாழன், மதியம் 2.05

சும்மா கிடந்த மதில்தானே? அந்தக் கல்லு இன்னிக்குத் தண்ணி தேக்குது. காட்டுமன்னார்கோயில், சீர்காழிப் பக்கமெல்லாம் விளையறது அதுல. மதிலா நின்னிருந்தா நீங்க போட்டோ எடுத்திருப்பீங்க, அவ்வளவுதான்.

சுடுமண் | வியாழன், மதியம் 2.31

சும்மா கிடக்கல அண்ணே. ஊர்க்காரங்க தங்களால ஆனமட்டும் தடுத்துப் பாத்திருக்காங்க. கல் மதிலுக்குப் பதிலா செங்கல் மதில் கட்டித் தர்றோம்னு வாக்குக் கொடுத்துத்தான் இடிச்சாங்க. அந்தச் செங்கல் மதில் வரவே இல்ல. 1855-ல அச்சான ஒரு குறிப்பே இதை ஒத்துக்குது, அதுவும் இங்கிலீஷ்ல. அணை வேணாம்னு நான் சொல்லல. வாக்கு என்னாச்சுன்னுதான் கேக்கறேன்.

புளியமரத்தடி | வியாழன், மதியம் 2.40

கான்ட்ராக்டர் பேச்சு அன்னிக்கும் அப்படித்தானா.

முத்தியால்பேட்டை அக்கா | வியாழன், மாலை 5.15

சண்டையை அப்புறம் போடுங்கப்பா. தம்பி, எங்க மாமியாரை அழைச்சுக்கிட்டுப் போன அனுபவத்துல சொல்றேன். நடையை மதியம் சாத்திடுவாங்க, சாயங்காலம்தான் திறப்பாங்க. பத்து மணிக்குள்ள உள்ள இருங்க. பிராகாரத்துல வெறுங்கால்தான், பதினோரு மணிக்கு மேல அந்தக் கல்லுல தோசை சுடலாம். அப்பாவுக்குப் பழைய சாக்ஸ் ரெண்டு ஜோடி எடுத்துக்குங்க. மடக்கு நாற்காலி ஒண்ணு டிக்கியில போடுங்க. சாப்பாட்டுக்குக் கோயிலை நம்ப வேண்டாம். புளிசாதம் கட்டிக்குங்க, இல்லாட்டி காலையில சிதம்பரத்துல கொத்சோட நல்லா சாப்பிட்டுடுங்க.

திண்ணைக்கல் | வியாழன், இரவு 8.20

கூட்டமே ஆகாதுங்கறீங்க. அப்ப விழுப்புரம் பக்கம் எசாலம், எண்ணாயிரம், பிரம்மதேசம் யோசிச்சீங்களா? மூணும் பக்கம் பக்கம். எண்ணாயிரம் பெருமாள் கோயில் கல்வெட்டுல 340 மாணவர், 14 ஆசிரியர்னு ஒரு கல்லூரியே இருக்கு. யாருக்கு எவ்வளவு நெல்லுன்னு கணக்கோட. எசாலத்துல 1987-ல செப்பேடு கிடைச்சுது. பிரம்மதேசத்துக் கல்வெட்டுதான் மனசை என்னமோ பண்ணும். ராசேந்திரன் இறந்தப்ப அரசி வீரமாதேவி உடன் தீப்பாய்ஞ்சிருக்கா. அவளோட தாகம் தணியணும்னு அவ கூடப்பிறந்தவன் அங்க தண்ணீர்ப் பந்தல் வச்சிருக்கான். மூணு ஊர்லயும் மொத்தமா பத்துப் பேரைப் பாத்தா அதிகம். சாவி வச்சிருக்கிறவரைத் தேடிப் பிடிக்கிறதுதான் வேலை.

கெடிலக்கரை | வியாழன், இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி. ஒரு வேடிக்கை சொல்றேன். இந்த இழையை அப்பாவுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டினேன். செஞ்சிக்கு "ம்". எண்ணாயிரத்துக்கு "ம்". தண்ணீர்ப் பந்தலுக்குக் கொஞ்சம் நிமிர்ந்தார். கீழணைன்னு வந்ததும் டிவியை அணைச்சுட்டார். வேலைக்குச் சேர்ந்த புதுசுல மூணு வருஷம் அங்க, ஆனைக்கரையிலதான் இருந்தாராம். எனக்கு இது தெரியவே தெரியாது! அம்மாவுக்குத் தெரியும், "அதான் ஆனைக்கரை ஆனைக்கரைன்னு தூக்கத்துல பேசுவாரே"ங்கறாங்க.

மதில் கதை அவருக்கும் தெரிஞ்சிருக்கு. ஆனா கோயிலுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லையாம். பத்து கிலோமீட்டர்ல மூணு வருஷம் இருந்துட்டு! கேட்டா, "அப்ப சைக்கிள்தான். லீவு விட்டா ஊருக்கு ஓடி வருவேனா, கோயிலுக்குப் போவேனா?"

அதனால கங்கைகொண்ட சோழபுரம், மாளிகைமேடு, கீழணை. காலையில முடிஞ்சா மேலக்கடம்பூர். போயிட்டு வந்து எழுதறேன்.

சேத்தியாத்தோப்பு எக்ஸ்பிரஸ் | வியாழன், இரவு 10.20

ஸ்டெப்னியில காத்து பாத்துக்குங்க.

கெடிலக்கரை | திங்கள், இரவு 9.15 (போயிட்டு வந்தாச்சு)

எக்ஸ்பிரஸ் அண்ணே, உங்க வாயில சர்க்கரைதான் போடணும். ஸ்டெப்னியில காத்து இருந்தது. ஸ்பேனர்தான் நட்டுக்குச் சேரல. குமராட்சி தாண்டி டயர் பஞ்சர், ரெண்டு பக்கமும் அறுத்த வயல், ஒரு மரம் கிடையாது. வைக்கோல் ஏத்திக்கிட்டு வந்த டிராக்டர்க்காரர் இறங்கி, தன்னோட பெட்டியில தேடி ஒரு ஸ்பேனர் எடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கல. "அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போறீங்க, போங்க"ன்னுட்டார். இதுல ஒண்ணரை மணி நேரம் போச்சு, மேலக்கடம்பூரும் போச்சு. அந்தப் பத்துக் கை நடராசரை இன்னொரு நாளைக்கு வச்சுக்கறேன்.

கோயில் வாசல்ல நிக்கறப்ப பதினொண்ணே கால். அக்கா சொன்ன தோசைக்கல்லு நெஜம். சாக்ஸ் கால்ல இருந்தும் அப்பா குதிச்சுக் குதிச்சு வந்தார். சன்னதிக்கு நேரமாச்சு, வாங்கன்னு கூப்பிட்டேன். "நீ போய்க் கும்பிடு"ன்னுட்டு இடிஞ்ச கோபுரத்து நிழல்ல நாற்காலியைப் போடச் சொன்னார்.

நான் உள்ள போய் அந்தப் பதிமூணடி லிங்கத்தைப் பாத்துட்டு, சண்டேசுவரருக்குச் சிவன் மாலை சுத்துற சிற்பத்துக்கிட்ட கொஞ்சம் நின்னேன். அதைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. நான் பாத்த ஒண்ணை மட்டும் சொல்றேன். சிவன் கை மாலையை இழுத்துக் கட்டல. தலைப்பாகை நழுவின பிள்ளைக்கு அப்பன் சரி பண்ற மாதிரி ரெண்டு விரல்தான் வேலை செய்யுது. சண்டேசர் தலை கொஞ்சம் முன்னால சாய்ஞ்சிருக்கு.

திரும்பி வந்தா நாற்காலி காலி. அப்பா மதில் ஓரமா குனிஞ்சு நிக்கிறார், முட்டி வலியெல்லாம் எங்க போச்சோ. ஒரு கல்லை ஜாண் போட்டு அளக்கிறார். விளிம்புல வரிசையா சின்னச் சின்னதா ஆப்புக்குழி, கட்டை விரல் நுழையுற அகலம். "இது மலையில வெட்டினப்ப வச்ச ஆப்பா, இங்க வந்து பிளந்தப்ப வச்ச ஆப்பா?"ன்னு என்னைக் கேக்கிறார். எனக்கென்ன தெரியும்? அவரே கணக்கும் போட்டார். இந்த அளவுக் கல்லுன்னா மாட்டு வண்டிக்கு ரெண்டு, மூணாவது போட்டா அச்சு முறியும். மழைக்காலம் ஆறு மாசம் வண்டி போகாது. "ஒரு வருஷத்துல முடியற வேலை இல்லடா இது." இடிச்சவன் மேல கோபமும் இல்ல, வருத்தமும் இல்ல. எத்தனை வண்டி, எத்தனை ஆள், யாரு கூலி கொடுத்தான், அதான் அவர் கவலை.

மாளிகைமேட்டுல நாங்க ரெண்டு பேர், ஒரு காவலாளி, நாலு ஆடு. கொட்டகைக்குக் கீழ செங்கல் வரிசை. சுடுமண், நீங்க சொன்னப்ப புரியல, நேர்ல பாத்ததும்தான் புரிஞ்சுது. அரண்மனைன்னு தேடினா ஒண்ணும் தெரியல. வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு நிறுத்தின மாதிரி நினைச்சுப் பாத்தப்ப அறை, சுவர், நடைவழி எல்லாம் பிரிஞ்சு வந்துது. புளிசாதம் அங்கதான். காவலாளிக்கும் ஒரு பொட்டலம்.

மூணு மணிக்குக் கீழணை. கொள்ளிடம் அங்க ரெண்டாப் பிரிஞ்சு நடுவுல திட்டா ஊர் இருக்கு, ரெண்டு கிளைக்கும் தனித்தனியா அணை. அப்பா கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு மதகுகளைப் பேர் சொல்லிக் காட்டினார். வடவாறு, வடக்கு ராஜன், தெற்கு ராஜன், குமுக்கி மண்ணியாறு. நிறைஞ்சா 9 அடிதான் தேங்கும். அதுலேருந்து ஓரடி எந்த வாய்க்காலுக்குப் போகுதுங்கறதுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் ஆள் வந்து கதவைத் தட்டுவாங்களாம். மதகு பாத்துக்கிற லஸ்கர் ஒருத்தர் லாந்தரோட முன்னால நடப்பார், இவர் பின்னால. ஷட்டர் தூக்குற சத்தம்தான் தூக்கத்துல வந்திருக்கு போல.

கோயில் கல்லு எதுன்னு கேட்டேன். "மேல எத்தனை பூச்சு, எத்தனை ரிப்பேர்! நான் இருந்தவரைக்கும் ஒரு பூ, ஒரு எழுத்து கண்ணுல பட்டதில்ல"ன்னார். கொஞ்ச நேரம் தண்ணியைப் பாத்துட்டு, "இந்தத் தண்ணி வடவாத்துல போய் வீராணத்துல விழுது. அங்கேருந்து குழாயில மெட்ராசுக்கு. அங்க குடிக்கிறவனுக்குத் தெரியுமா இது?"ன்னு கேட்டார்.

ஏரிக்கரையில வர்றப்ப இருட்டிடுச்சு. தூங்கிட்டார்.

சுடுமண் | திங்கள், இரவு 9.50

ஆப்புக்குழிக்கு போட்டோ இருக்கா? துளை சதுரமா, வட்டமா? வட்டமா ஆழமா இருந்தா பிற்காலத்து வேலையா இருக்க வாய்ப்பு அதிகம்.

கெடிலக்கரை | திங்கள், இரவு 9.58

போட்டோ எடுத்தேன், அதுல அப்பாவோட கைதான் பெருசா தெரியுது. துளை செவ்வகமா, மேலாப்புல. அப்பாவைக் கேட்டா நோட்டுல எழுதி வச்சிருக்கேங்கறார். எழுந்ததும் பாத்துச் சொல்றேன்.

புளியமரத்தடி | திங்கள், இரவு 10.10

இடிக்கிறதும் எடுத்துக் கட்டுறதும் இங்கிலீஷ்காரனா ஆரம்பிச்சான்? நம்ம திருப்பாதிரிப்புலியூர்ல சமணர் பள்ளியை இடிச்சு, அதைக் கொண்டுபோய்த் திருவதிகையில குணபர ஈச்சரம்னு சிவன் கோயில் கட்டினான் பல்லவ ராசா. பெரியபுராணத்துலயே இருக்கு. பண்ருட்டி ரோட்டுல அரை மணி நேரம். அப்பாவை அடுத்த வாரம் அங்க கூட்டிக்கிட்டுப் போங்க, வண்டிக் கணக்கு போடட்டும்.

நெல்லித்தோப்பான் | திங்கள், இரவு 10.14

அப்படியே எங்க ஊர்ப் பக்கமும் வாங்க. காந்தி சிலைத் தூணுக்கு எத்தனை வண்டின்னு கேக்கணும்.

கெடிலக்கரை | செவ்வாய், காலை 6.35

நோட்டுல இருக்கிறபடி: துளை ஒண்ணேகால் இஞ்ச் நீளம், முக்கால் இஞ்ச் அகலம், ஒண்ணுக்கொண்ணு ஒரு ஜாணுக்குக் குறைவு. கீழ பென்சில்ல "மறுபடி போய்ப் பார்க்க"ன்னு எழுதியிருக்கார். நெல்லித்தோப்பான் சார், காந்தி சிலைக்கிட்ட ஞாயித்துக்கிழமை கார் நிறுத்த இடம் கிடைக்குமா?

நெல்லித்தோப்பான் | செவ்வாய், காலை 6.41

கிடைக்காது. சாயங்காலம் கடற்கரை ரோட்டுல வண்டியே விட மாட்டாங்க. விடிகாலையில வாங்க, பக்கத்துத் தெருவுல விட்டுட்டு நடக்கலாம். படி இல்ல, சமதரைதான். டேப்பு நான் கொண்டு வர்றேன்.